வாசலில் நின்று சொன்ன விலை

புதுக்கோட்டையில் இருந்துகொண்டு தனியாக பிளம்பிங் வேலை பார்க்கிறேன். ஒரு வேலையாகக் காயல்பட்டினம் போய்த் தங்கியிருந்தபோது, அங்கே ஒரு லாத்தா (அக்காவை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), போர்வெல் மோட்டாரை மாற்ற விலை கேட்டார். கணவர் துபாயில். ஆண்கள் இல்லாத வீடென்று கூச்சப்பட்டு, உள்ளே போய்ப் பார்க்காமல், வாசலில் நின்றே “எல்லாம் சேத்து பதினெட்டாயிரம் லாத்தா” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் போர்வெல் மூடியைத் திறந்தால், உப்புத் தண்ணீரில் இரும்புக் குழாய் அரித்துப் போயிருந்தது. விலையில் குழாயைச் சேர்க்கவே இல்லை! மோட்டாரில் கட்டியிருந்த பழைய கயிறு வேறு இடைஞ்சல். முடிச்சு அவிழவில்லை. கத்தியை எடுத்தேன்.

“தம்பி, அத அறுத்துராதீங்க! என் மாப்பிள கப்பல்ல இருந்தப்போ படிச்சுப் போட்ட முடிச்சு அது” என்று தன் கணவரைச் சொன்னார் லாத்தா, கதவுக்குப் பின்னாலிருந்து.

எரிச்சலோடு விட்டுவிட்டு, கப்பி போட்டுத் தூக்கினேன். பாதியில் குழாய் முறிந்தது. மோட்டார் அந்தக் கயிற்றில் தொங்கியது. உள்ளே விழுந்திருந்தால் போரே போயிருக்கும். அந்தக் கயிற்றைப் பிடித்தே மோட்டாரை மேலே எடுத்தேன்.

புதுக் குழாய்க்குக் காசு கேட்க வாய் வரவில்லை. லாத்தாவே கொடுத்தார்.

“அவங்களுக்கு வீடியோ கால் போட்டுத் தாரேன். முடிச்சப் படிச்சிட்டுப் போங்க தம்பி.”

இப்போது மூடியைத் திறந்து பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை. எழுதிக் கொடுக்கும் சீட்டில் முதல் வரி, அந்த முடிச்சுப் போட்டு மோட்டாரில் கட்டும் கயிறு. அதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை.