தனியாக வாசிக்கச் சொன்ன வருடம்

பலாங்கொடைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் ஐந்துக்குப் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க உள்ளே வரத் தேவையில்லை, மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கே கேட்கும். ஒரு பிள்ளை முன்னால் நின்று வரியைச் சொல்லும், மற்றவர்கள் தொண்டை கிழியத் திருப்பிச் சொல்வார்கள். வாய்ப்பாடும் அப்படித்தான். ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள். சத்தம் குறைந்தால் டீச்சர் தூங்குகிறார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சு வந்துவிடும்.

போன வருடம் தமிழுக்கும் கணிதத்துக்கும் புதிய திட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கவைக்க வேண்டும், கணக்குச் செய்யவைக்க வேண்டும். பிறகு காலையில் முதல் ஒரு மணித்தியாலம், எந்த வகுப்பு என்று பாராமல் எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள் என்று பார்த்துக் குழுவாக உட்காரவைக்க வேண்டும். இப்படியான திட்டங்களுக்கு நடத்தும் ஆசிரியர் பயிற்சி என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். இது மட்டும் செய்து பார்க்கக்கூடியதாகத் தெரிந்தது.

முதலில் வகுப்புத் தலைவியான மொனிட்டரைக் கூப்பிட்டேன். முன்னால் நின்று வரி சொல்லித் தருபவள் அவள்தான். கணீரென்ற குரல், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பாடப்புத்தகத்தில் இல்லாத சின்னக் கதை ஒன்றைக் கொடுத்தேன். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முதல் எழுத்தைச் சொன்னாள், அதோடு நின்றுவிட்டாள். எட்டேழு எத்தனை என்று கேட்டேன். ஓரேழு ஏழு என்று அடியிலிருந்து ஏறி வந்துதான் சொன்னாள். புத்தகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். படத்தை வைத்துப் பக்கத்தை அடையாளம் பிடித்திருக்கிறாள்.

அவளைத் தரம் மூன்று பிள்ளைகளோடு உட்காரவைத்தேன். அடுத்த நாள் அவள் வரவில்லை. மதியம் அவளுடைய அம்மா வந்தார், மலையிலிருந்து நேராக, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல்.

"என்னாங்க டீச்சர், எம் புள்ளைய சின்னப் புள்ளைங்களோட உக்கார வச்சிருக்கீங்களாம்? லயத்துல எல்லாம் சிரிக்கிறாங்க. டவுன்ல சிங்கள ஸ்கூல்ல சேத்துர்றோம். அங்கயாச்சும் மதிப்பாங்க."

பாடசாலை அதிபருக்கு வம்பு என்றால் ஆகாது. "பழைய எடத்துலயே விட்டுருங்க டீச்சர்," என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கடைத்தெருவில் அந்தப் பிள்ளை சிங்களத்தில் வெளுத்து வாங்குவாள், உண்மைதான். அங்கே போனாலும் சிங்கள எழுத்தை முதலிலிருந்துதானே தொடங்க வேண்டும்? பத்து வயதில் யார் அவளுக்காகக் காத்திருப்பார்கள்? இப்போது விட்டால் இரண்டு மொழியிலும் வாசிக்கத் தெரியாமல் போய்விடுவாள்.

"நாளைக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்களே பக்கத்துல இருந்து கேளுங்க," என்று அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். அதே தாளைக் கொடுத்தேன். நாற்காலி போட்டும் அம்மா உட்காரவில்லை. மகளின் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

"பேச்சுப் போட்டியில பரிசு வாங்குனாளேங்க," என்றார் அம்மா. அதுவும் மனப்பாடந்தான் என்றேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, அங்கயே இருக்கட்டும். மொனிட்டர் பேட்ஜ மட்டும் புடுங்கிறாதீங்க," என்றார்.

பேட்ஜோடுதான் சின்னவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டுச் சத்தம் இல்லாத அந்த ஒரு மணித்தியாலம் எனக்கே பழகக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தோம். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான ரப்பர் டிவிஷனில் பொறுக்கிய ரப்பர் கொட்டைகளை ஏழேழாக அடுக்கினோம். ஐயேழிலிருந்து எட்டேழுக்குப் போக ஓரேழுக்கு இறங்கத் தேவையில்லை என்று கண்டுகொண்ட அன்று அவளே சிரித்துவிட்டாள்.

அந்த வருடப் படிப்பின் கடைசித் தவணையில் ஒரு காலை புதுக் கதை ஒன்றைக் கொடுத்தேன். விரலை வரியின் கீழே வைத்து, "ஆற்றில்... வெள்... வெள்ளம்..." என்று தடவித் தடவிப் போனாள். சுற்றியிருந்த சின்னவர்கள் பழக்க தோஷத்தில் "ஆற்றில் வெள்ளம்!" என்று கத்தினார்கள்.

விரலை எடுக்காமல் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் சொல்லாதீங்க. நான் இன்னும் வாசிச்சு முடிக்கல."