பரவாயில்லை என்றொரு காரணி

முதுமாணிப் பட்டத்துக்கு நான் பதிந்தபோது வயது நாற்பத்தாறு. அந்தச் சொல்லில் உள்ள 'முது' எனக்காகவே சேர்த்தது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். இரண்டு முறை கால நீடிப்பு வாங்கினேன். மூன்றாவதைத் தரும்போது பல்கலைக்கழகத்தில், இதுதான் கடைசி, இதற்குள் ஆய்வேடு வராவிட்டால் பதிவு ரத்து என்று எழுதி, 'ரத்து' என்பதன் கீழே கோடும் போட்டிருந்தார்கள். மாத்தளையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணிதம் படிப்பிக்கிறவனுக்கு அந்தக் கோடு கொஞ்சம் அதிகம்.

என் மேற்பார்வையாளர் ஒரு காலத்தில் நான் படிப்பித்த ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருந்தவர். இப்போது புள்ளிவிபரவியல் விரிவுரையாளர். பழக்கத்தில் அவர் என்னை 'சேர்' என்பார். பயத்தில் நானும் அவரை 'சேர்' என்பேன். நாங்கள் போனில் பேசுவதைக் கேட்கிற என் மனைவிக்கு, யார் யாரைத் திட்டுகிறார் என்று கடைசிவரை விளங்காது.

ஆய்வு ஒரு பஸ்ஸைப் பற்றியது. நகரத்திலிருந்து மலைத் தோட்டமொன்றுக்குப் போகிற ஒரே பஸ். அதில் போய்வருகிறவர்களிடம் இருபது கேள்வி கேட்டேன். நேரத்துக்கு வருகிறதா, மழைக்கு ஒழுகுகிறதா, கொண்டக்டர் மரியாதையாகப் பேசுகிறாரா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெட்டி. 'படுமோசம்' தொடங்கி 'மிக நல்லது' வரை. நான்காவது பெட்டிக்கு ஆங்கில மூலத்தில் இருந்த சொல்லை அகராதி 'திருப்தி' என்றது. திருப்தி என்பது கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழும்பும்போது கேட்கிற சொல். பஸ்ஸைப் பற்றி யார் அப்படிச் சொல்வார்? அதை அடித்துவிட்டு 'பரவாயில்லை' என்று போட்டேன். மக்கள் மொழி தெரிந்த ஆய்வாளன் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு தேநீர் குடித்தேன்.

காரணிப் பகுப்பாய்வு என்பது சுருக்கமாக இதுதான். ஒருவர் இருபது கேள்விக்குச் சொல்கிற பதில்கள் இருபது தனித்தனி விஷயங்கள் அல்ல. ஒன்று ஏறினால் இன்னொன்றும் ஏறும், ஒன்று இறங்கினால் கூடவே இறங்கும். அப்படிச் சேர்ந்து ஆடுகிறவற்றுக்குப் பின்னால், கண்ணில் படாத இரண்டு மூன்று காரணிகள் நின்று கயிற்றை இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டு, அவற்றைத் தேடுவது. எத்தனை காரணி என்று பார்க்க ஒரு கோட்டுப்படம் உண்டு. ரிவஸ்டன் மலைப் பக்கமிருந்து பல்லேகமவுக்கு இறங்குகிற பாதை மாதிரி செங்குத்தாக விழுந்து, பிறகு தட்டையாகப் போகும். தட்டையாகும் இடத்துக்கு மேலே எத்தனை புள்ளி நிற்கிறதோ, அத்தனை காரணி. கணினி இவ்வளவையும் செய்யும். ஒன்றை மட்டும் செய்யாது. காரணிக்குப் பெயர் வைக்காது. அது மனிதன் வேலை. தொல்லை முழுவதும் அங்கேதான்.

என் படத்தில் ஒரே ஒரு புள்ளி மலை உச்சியில் நின்றது. மற்றதெல்லாம் அடிவாரத்தில் கிடந்தன. இருபது கேள்வியும் அந்த ஒற்றைக் காரணியில் போய்த் தொங்கின. மேற்பார்வையாளருக்குச் சந்தோஷம்.

"சேர், இவ்வளவு சுத்தமா யாருக்கும் வந்ததில்ல. 'பயணிகள் திருப்தி'ன்னு பேர் போட்டு முடிங்க. கூட்டிப் பார்த்தாலும் சனம் நல்லாத்தான் சொல்லியிருக்கு. போக்குவரத்து ஒபிஸ்லயும் ஒரு பிரதி கேட்டிருக்காங்க."

பெயரைத் தட்டெழுதவும் செய்தேன். பிறகுதான் உறுத்தியது. எல்லாரும் ஏறுவது ஒரே பஸ். அதே ஓட்டை, அதே கொண்டக்டர். அப்படியிருக்க, ஒரு கூட்டம் இருபதுக்கும் 'பரவாயில்லை' என்கிறது. இன்னொரு கூட்டம் இருபதுக்கும் 'மோசம்' என்கிறது. கூரை ஒழுகுவதற்கும் கொண்டக்டரின் வாய்க்கும் என்ன சொந்தம், இரண்டும் இப்படி ஒட்டிக்கொண்டு ஆட? இரண்டு கூட்டத்தையும் பிரித்தது பஸ் அல்ல, வேறு ஏதோ.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஹோல்டுக்குப் போனேன். தேயிலைக் கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் நின்றார். அவருடைய வினாக்கொத்தை நானே வாசித்து, நானே கோடு போட்டிருந்தேன். இருபதும் பரவாயில்லை.

"அக்கா, பஸ் பரவாயில்லன்னு சொன்னீங்களே, ஞாபகமா?"

"ஆமா சேர். வருதுல்ல."

"மழைக்கு ஒழுகுதே?"

"ஒழுகும். அதுக்குத்தான் கொடை."

"பஸ்ஸுக்குள்ளயா கொடை பிடிப்பீங்க?"

"பின்ன, வெளியிலயா பஸ் ஒழுகுது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. "அப்ப சந்தோஷமாத்தான் இருக்கீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சொன்னா? நான் பரவாயில்லன்னுதானே சொன்னேன். நீங்க பஸ்ஸ மாத்தவா வந்தீங்க? கேட்டுட்டுப் போக வந்தீங்க. அதுக்கு அது போதும்."

வீட்டுக்கு வந்து என் பெரிய காரணியைப் பார்த்தேன். அது திருப்தி அல்ல. கேட்கிறவனிடம் குறை சொல்லிப் பிரயோசனம் உண்டா இல்லையா என்பதில் சனம் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதற்கு நான்காவது பெட்டியில் கதவு திறந்துவிட்டவன் நான். மூன்று வருஷம் கணினியைச் சுடவைத்து, கடைசியில் நான் அளந்தது என்னையும் என் மொழிபெயர்ப்பையும்தான்.

மேற்பார்வையாளருக்கு போன் எடுத்தேன். "சேர், அது திருப்தி இல்ல சேர். பேர் 'பரவாயில்லை'ன்னே இருக்கட்டும்."

"சேர், அது பெட்டியோட பேர். காரணியோட பேர் இல்ல."

"அதுதான் சேர் விஷயமே."

"இன்னும் ரெண்டு கிழமதான் இருக்கு. பரீட்சகர் திருப்பி அனுப்பினா பதிவு போயிரும்."

"அந்தச் சனம் திருப்தியா இருக்குன்னு போக்குவரத்து ஒபிஸுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நல்ல பஸ் வர்ற வாய்ப்பே போயிரும், சேர்."

"திரும்பச் சொல்லுங்க, சேர்," என்றார் அவர். ஒன்பதாம் வகுப்பிலும் பதில் தெரியாதபோது இப்படித்தான் கேட்பார். ஆனால் இப்போது பதில் தெரியாதவன் நானாகவும் இருக்கலாம். போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "பட்டம் போச்சா?"

"இன்னும் இல்ல."

"போனாலும் ஒரு சொல்லுக்காகப் போச்சுன்னு சொல்லிக்கலாம். சோம்பேறித்தனத்துல போனத விட அது கௌரவம்."

அவள் என் பக்கம் நிற்பது இப்படித்தான் தெரியவரும்.

காரணிக்கு 'பரவாயில்லை' என்றே பெயர் வைத்து, தவறு என் மொழிபெயர்ப்பில் என்று ஒரு அத்தியாயம் எழுதி, பஸ் ஹோல்ட் உரையாடலையும் குடையோடு சேர்த்து, கடைசி நாளில் ஒப்படைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பரீட்சகர் சபையின் கடிதம் வந்தது. ஆய்வேடு ஏற்கப்படலாம், ஒரு திருத்தம் செய்தால். காரணியின் பெயர் ஆய்வுத் தரத்துக்கு ஏற்றதாக இல்லை, மாற்றவும். 'மாற்றவும்' என்பதன் கீழே கோடு.

கோடு போட்டவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒரு பின்னேரம் முழுக்க யோசித்தேன். ஆய்வேட்டைத் திறந்து, அந்தச் சொல் வரும் இடமெல்லாம் தேடி, 'பரவாயில்லை' என்பதன் கடைசி எழுத்தில் உள்ள ஐகாரத்தை மட்டும் எடுத்துவிட்டேன். அந்த அக்கா சொன்னது அப்படித்தான்: பரவாயில்ல.

மாற்றச் சொன்னார்கள். மாற்றி, திரும்ப அனுப்பிவிட்டேன்.