பதினெட்டுப் பாட்டும் ஒரே பெட்டியும்

1. கடையில்

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் பணியில் நான் இருந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதி. கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் தனித்தனிப் பெடல்கள் நல்லவையா, அவை எல்லாம் ஒன்றாய் அடங்கிய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி நல்லதா என்று கேட்டு வராத கிடார்காரர் அரிது. அவர்களுள் சலீமுக்கு மட்டும் நான் யோசியாமல் விடை சொன்னேன்.

சலீம் காயல்பட்டினத்துக்காரர். வாரநாள்களில் சிப் நிறுவனத்தில் பணி. வார இறுதியில் தமிழ் மெல்லிசைக் குழுவில் கிடார். ஒருநாள் ஐந்து பெடல்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“அங்கிள், ஒரு பாட்டரி செத்தா அஞ்சும் சைலண்ட் ஆயிடுது. போன ஷோல அப்படித்தான் சொதப்பிட்டேன். இன்னொரு தடவ ஆச்சுன்னா கிடாரே வேணாம், கீபோர்டுலயே அந்த சவுண்டு இருக்குங்கறாரு ரமணி சார்.”

ரமணி குழுவின் தலைவர். ஆகவே, வரும் பொங்கல் விழாவில் பிழை நேர்ந்தால் சலீமுக்குக் குழுவில் இடமில்லை.

மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கச் சொன்னேன். செங்கல்லை விடச் சற்றே பெரிய பெட்டிக்குள் ஒரு பெரிய மண்டபத்தின் எதிரொலி அடங்கியிருப்பது அந்நாளில் எனக்குப் பெருவியப்பு. விழாவின் பதினெட்டுப் பாட்டுக்கும் உரிய ஒலிகளை நானே அமைத்து, நிகழ்ச்சி நிரலின் வரிசைப்படி எண்ணிட்டுச் சேமித்தேன். பாட்டு முடிந்ததும் காலால் ஒருமுறை மிதித்தால் போதும். அடுத்த ஒலி வந்து நிற்கும்.

2. மேடையில்

பொங்கல் விழாவன்று, பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டின் பள்ளி அரங்கில் இரண்டு பாட்டுகள் சிறப்பாக நடந்தேறின. அப்போது விழாக்குழு அம்மையார் மேடையேறி வந்தார்.

“ரமணி சார், குட்டீஸ் டான்ஸ முன்னாடி போட்டுடுங்க. மேக்கப்போட தூங்குதுங்க. அந்தப் பதினாலாவது பாட்டு.”

“அதுக்கென்ன மேடம், போட்டுட்டா போச்சு!”

பின்னாலேயே நேயர் விருப்பச் சீட்டுகளும் வந்தன. நம்மவர் விழாக்களில் நிரல் என்பது அச்சிடுவதற்கே உரியது என்பதை நான் மறந்திருந்தேன். பெட்டியோ ஒவ்வோர் எண்ணாகத்தான் நகரும். சலீம் மிதிக்க மிதிக்க, வேண்டாத ஒலிகள் ஒவ்வொன்றாகப் பீறிட்டன. குழந்தைகள் அபிநயம் பிடித்தபடி நின்றார்கள்.

“விடுப்பா, கீபோர்டு பாத்துக்கும்” என்றார் ரமணி.

சலீம் குனிந்து, எல்லா எஃபெக்டையும் அணைக்கும் பைபாஸை அழுத்திவிட்டு வெறும் கிடாரை வாசிக்கத் தொடங்கினார். கூர்மையான ஒலி வேண்டிய இடத்தில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி மீட்டினார். சுண்டுவிரலால் வால்யூமைத் திருகித் திருகி ஒவ்வொரு சுரத்தையும் வயலின்போல் மலரச் செய்தார். டிலே பெடல் திருப்பிச் சொல்லவேண்டிய எதிரொலியை, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மெலிந்து மெலிந்து தாமே வாசித்தார். மின்சுற்றால் மட்டுமே இயலும் என்று நான் நம்பியிருந்த வேலை அது. மேடையோரத்தில் வாய்பிளந்து நின்றேன். மீதிப் பாட்டுகள் எந்த வரிசையில் வந்தபோதும் அவ்வாறே நிறைவேறின.

திரை விழுந்ததும் ரமணி வந்தார்.

“எந்த பிராண்டு பெட்டிப்பா? எக்கோ பிரமாதம்!”

“பெட்டி ஆஃப்ல இருந்துச்சு சார்.”

ரமணி குனிந்து பெட்டியைப் பார்த்தார். “சனிக்கிழமை ரிகர்சலுக்கு லேட்டா வராத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் கடைக்கு வந்தவர்களிடம், எந்த ஒலி வேண்டும் என்று நான் முதலில் கேட்டதில்லை. “மேடையில் அடுத்த பாட்டு எது என்பதை யார் முடிவு செய்வார்?” என்றே கேட்டேன். தாமே என்றவருக்குப் பெட்டியையும், சபையோர் என்றவருக்கு, எந்த வரிசையிலும் மிதிக்கத்தக்க தனிப் பெடல்களையும் பரிந்துரைத்தேன். எதுவாயினும், முதலில் வெறும் கிடாரில் ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.