பக்கத்துக் கட்டிலின் தையல்

என் மனைவிக்குப் பித்தப்பையை எடுத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் தபால்தலை அளவுக்குச் சில பிளாஸ்திரிகள், அவ்வளவுதான். அவற்றிலிருந்து வந்த ஸ்பிரிட் வாடை என்னைப் பூந்தமல்லியில் முன்பு இருந்த ஒரு சிறிய நர்சிங் ஹோமின் பொது வார்டுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

நான் அங்கே சேர்ந்தது ஆடி மாதத்துக் கடைசி வியாழன். (தேதி விஷயத்தில் என்னிடம் வாய் கொடுக்க வீட்டில் யாரும் துணிவதில்லை.) அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் குடல்வால் வெடித்து, வயிற்றை நெடுக்காகத் திறந்து தைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் பஷீர் பாய். இரைப்பைப் புண் ஓட்டையாகி அவருக்கும் அதே இடத்தில் வெட்டு. எனக்குத் தைத்த இளைய டாக்டர் ஒரே நூலை ஓட்டிக்கொண்டே போகிறவர். பாய்க்குத் தைத்த பெரிய டாக்டர் தனித்தனியாக முடிச்சுப் போடுகிறவர். உள்தையலை நாங்கள் எங்கே பார்த்தோம்? கட்டு மாற்ற வரும் சிஸ்டர் சொன்னதுதான் ஆதாரம்.

"கோணிக்குப் போடறதும் ஓட்டுத் தையல்தான் நைனா. ஒரு முனைய இஸ்தா சர்ருனு மொத்தமும் கயண்டுக்கும். உன் வயிறும் அதான்."

"ஓட்டுத் தையல்ல இழுப்பு சமமாப் பரவும் பாய். உங்களுக்கு ஒவ்வொரு முடிச்சும் தனியா மல்லுக்கட்டணும்."

"ஒண்ணு பூட்டா இன்னொண்ணு கீதே."

வார்டே இரண்டு கட்சியாயிற்று. ஆனால் பாய்க்கு அது வெறும் வாய்ச்சண்டை இல்லை. மறுபடி மூட்டை தூக்க முடியுமா என்று சிஸ்டரை அவர் கேட்காத நாளில்லை.

இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது வார்டுச் சட்டம். ஒருவர் தொண்டையைச் செருமினால் எல்லோரும் தலையணையைத் தேடுவோம். ஒரு காலை பாயின் மனைவி கஞ்சி கொண்டுவந்தார்.

"மண்டில எல்லாம் அழுதுகினு கீறாங்க."

"என்னிய நென்ச்சா?"

"வெங்காயத்த உரிச்சு."

பாய் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. தலையணை கால்மாட்டில் கிடந்தது. வயிற்றுக் கட்டின் மேல் இளஞ்சிவப்பாக நீர் கசிந்து பரவியது. சிஸ்டர் ஓடிவந்தார், உள்தையல் விட்டுவிட்டது என்று மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மா கஞ்சித் தூக்கைக் கீழே வைக்காமலே நின்றார். இரண்டு கட்சிக்காரர்களும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டோம்.

பாய் திரும்பி வந்தபோது வயிற்றில் கயிறு போன்ற தடித்த நூல். தோலை அறுக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் ரப்பர் குழாய்த் துண்டு. பாய் கண் திறந்து, "மூட்டை?" என்றார். பெரிய டாக்டர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரே நூலை, வெட்டின் நீளத்தைப் போல நாலு பங்காவது எடுத்து, நெருக்கி நெருக்கி ஓட்டுவதே மேல் என்று பலரும் சொல்கிறார்கள். என் கட்சிதான் வென்றது. பாயிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் மண்டி ஓரத்தில் பூண்டுக்கடை போட்டு உட்கார்ந்தார். நான் போனால் வாடிக்கைக்காரர்களை நிற்கவைத்துவிட்டு, "இவுரு நம்ம வார்டு" என்பார், மற்றவர்கள் நம்ம ஊர் என்பதைப் போல. இப்போது அந்தப் பக்கம் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்திருக்கிறார்கள். கடை இல்லை. பாயும் போய்ச்சேர்ந்துவிட்டார். நம்ம வார்டு என்று என்னைச் சொல்ல இன்று பூந்தமல்லியில் ஒருவரும் இல்லை.