ஒன்பதாவது அணிக்கு ஓர் ஊர்

கண்ணாடிக்கடைக்காரருக்கு மைதானத்தில் வேறு பெயர். ஊர் ஹாக்கி சங்கத்துக்கு முப்பது ஆண்டுகள் கோல்கீப்பராக நின்றவர் அவர். அந்த முப்பது ஆண்டுகளும் பந்து கூச்சநாச்சமில்லாமல் உள்ளே வந்துபோனதால் 'திறந்த வீடு' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. பட்டத்தைச் சூட்டியது யார் என்று கேட்டால் மார்தட்டிக்கொள்வார்.

"நானேதாங்க. அடுத்தவன் வெக்கறதுக்கு முன்னாடி நாமளே வெச்சுக்கிட்டா கொஞ்சம் மரியாதையான பேரா அமையும் பாருங்க."

ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவர் தன்னை நோக்கி வந்த பந்தை மட்டும் பார்த்ததில்லை என்பதையும் வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதையும் அவரே சொல்லிவிடுவார்.

இப்பேர்ப்பட்ட சாதனையாளர்தான் ஐம்பத்திரண்டாம் வயதில் தொழில்முறை ஹாக்கியின் எதிர்காலத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பெண்கள் லீக்கில் எட்டு அணிகள். இன்னும் இரண்டு புதிய ஊர்களுக்கு லீக்கை விரிவாக்கலாமா என்று நிர்வாகம் யோசிப்பதாகச் செய்தித்தாளில் வந்தது. நிர்வாகம் யோசித்து முடிப்பதற்குள் கண்ணாடிக்காரர் முடிவே எடுத்துவிட்டார். விரிவாக்கியே தீர வேண்டும்; ஒன்பதாவது அணி இந்த ஊருக்குத்தான்.

காரணங்களைப் பதினான்கு பக்கம் எழுதினார். மக்கள்தொகை, பேருந்து வழித்தடங்கள், மழை அளவு, பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று. அவருடைய ஒரே மகள் சங்கத்தின் முன்கள ஆட்டக்காரி, இருபத்தொரு வயது. அணி இங்கே வந்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போவாள். வராவிட்டால் இன்றோ நாளையோ பெட்டியைக் கட்டுவாள். விஷயம் இவ்வளவுதான். ஆனால் 'என் பெண்ணை அனுப்ப மனசில்லை' என்று எழுதுவதைவிட 'புதிய சந்தைகளில் விளையாட்டின் வளர்ச்சி' என்று எழுதுவதில் ஒரு கம்பீரம் இருந்தது.

பொதுமக்களின் கருத்தையும் கேட்டார். கண் பரிசோதிக்கும் கருவியில் தாடையை அழுத்தி வைத்தவரிடம், "லீக் நம்ம ஊருக்கு வரணுமா, வேண்டாமா?" என்பார். தாடையை வைத்தவரால் வாயைத் திறக்க முடியாது. இப்படியாக ஊரில் ஒருவர்கூட மறுப்புத் தெரிவிக்கவில்லை.

மறுப்பு வீட்டில்தான் இருந்தது.

"இருக்கற எட்டு டீமுக்கே பாதி சீட்டு காலிப்பா," என்றாள் மகள், தட்டைக் கழுவிக்கொண்டே. "போர்வை ஏற்கெனவே காலுக்கு எட்டல. இன்னும் ரெண்டு பேரை உள்ள வந்து படுங்கன்னு கூப்பிடறீங்க."

"போர்வையைப் பெருசா நெய்யணும்மா. அதுக்குப் பேர்தான் வளர்ச்சி."

சலவைக்கடை வைத்திருக்கும் மச்சினன் அங்கேயே இருந்தான். "நீங்க நின்ன கோல் வலைகூட வருஷா வருஷம் பெருசாயிட்டே போச்சே மச்சான், அதுவும் வளர்ச்சிதானா?"

"அது வலை பெருசானது இல்ல மாப்பிள்ளை. நான் சுருங்கினது."

பதினான்கு பக்கங்களைப் படித்து யாருக்கு என்ன தோன்றியதோ, இரண்டு அதிகாரிகள் நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் அணியுடன் ஒரு காட்சிப் போட்டி நடத்த வேண்டும். ஊருக்கு ஹாக்கியில் எவ்வளவு ஆர்வம் என்று அவர்கள் பார்வையாளர் வரிசையை வைத்துத் தீர்மானிப்பார்கள்.

கண்ணாடிக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சங்கத்தின் ஆட்டங்களுக்கு வழக்கமாக வருவது பதினோரு பேர். அதில் நான்கு பேர் வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள்.

ஆனால் கடை இருக்கப் பயமேன்? மூன்று வாரம் அவர் யாருக்கும் கண்ணாடி கொடுக்கவில்லை. "தயாராயிடுச்சு, ஞாயித்துக்கிழமை மைதானத்துல வந்து வாங்கிக்குங்க. குடும்பத்தோட வாங்க," என்று எல்லாரிடமும் சொன்னார். ஆட்டம் முடிந்த பிறகே கொடுப்பது என்பது அவர் திட்டம். மனைவி விடவில்லை.

"கண்ணு தெரியாத ஜனங்களை உக்கார வெச்சு ஆட்டம் காட்டப் போறீங்களா? பாவம்ங்க. வாசல்லயே கொடுத்துடுங்க."

நூற்று நாற்பது ஜோடிக் கண்ணாடிகளும் வாசலிலேயே கொடுக்கப்பட்டன. நானூறு பேர் வரிசைகளில் உட்கார்ந்து, புதுப் பார்வையில் ஒருவரையொருவர் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகளில் ஒருவர் கோப்பும் கையுமாக இருந்தார். இன்னொருவர் முன்னாள் ஆட்டக்காரரான ஓர் அம்மாள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் புருவத்தை உயர்த்தி, எழுதவும் செய்தார். கண்ணாடிக்காரரின் கால்கள் தரையில் பாவவில்லை.

இடைவேளை வந்தது. செயற்கைப் புல்தரையில் ஆடும் ஹாக்கிக்கு இடைவேளையில் தரையை நனைப்பது முறை. நனைந்தால்தான் பந்து சீராக ஓடும். பெரிய லீக் அதிகாரிகள் முன்னால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று கண்ணாடிக்காரர்தான் காவலாளியிடம் சொல்லியிருந்தார். காவலாளி குழாயைத் திறந்தார். நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

நானூறு பேரும் எழுந்தார்கள்.

அந்த மைதானத்தில்தான் ஊரே மாலை நடை போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு வாயிலைப் பூட்ட வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன காவலாளி, பதினைந்து வருடமாகக் கத்துவதை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் வந்தால் மைதானம் மூடியாயிற்று, வெளியே போக வேண்டும் என்பது ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். கண்ணாடிக்காரருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

சண்டை சச்சரவு ஏதுமின்றி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் இரண்டு வாயில்கள் வழியாகவும் ஒழுங்காகக் கலைந்தார்கள். ஒரு பெரியவர் அந்த அம்மாளிடம் அக்கறையாகச் சொன்னார்: "கிளம்புங்கம்மா, இல்லேன்னா நனைஞ்சிடுவீங்க."

கண்ணாடிக்காரர் வாயிலுக்கு ஓடிக் கையை விரித்துத் தடுத்தார். "போகாதீங்க! இடைவேளைதாங்க! இன்னும் பாதி ஆட்டம் இருக்கு!"

"தண்ணி விட்டாச்சேங்க," என்றார் ஒருவர், அவருடைய அறியாமைக்காக வருந்தியவராக. கோல்கீப்பரின் இடப்புறமும் வலப்புறமும் ஊர் போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல் ஒன்றைக்கூடத் தடுக்க முடியவில்லை.

பதினோரு பேர் மிச்சம். இரண்டாம் பாதி தொடங்கியது. ஈரத் தரையில் மகள் ஓடிய ஓட்டம் அதுவரை அந்த மைதானம் பார்க்காதது. வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்கூட எழுந்து நின்றார்கள். மூன்று கோல். மூன்றையும் அவள் அப்பா பார்த்தார், பந்து தன்னை நோக்கி வராததால்.

ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மாள் அவரைத் தனியே அழைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. இந்த ஊருக்கு எதுக்கு டீம்?"

பதினான்கு பக்கமும் மனப்பாடம். ஆனால் வாயில் வந்தது அதில் இல்லாத ஒரே வரி.

"பொண்ணு வீட்டோட இருப்பா மேடம்," என்றார். "வேற ஒண்ணுமில்ல."

"எது உங்க பொண்ணு?"

"ஏழாம் நம்பர்," என்று பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று சங்கத்துக்கு: விரிவாக்கம் இப்போதைக்கு இல்லை. இன்னொன்று மகளுக்கு: ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் அணியிலிருந்து, உடனே வரச் சொல்லி.

மனைவி இரண்டையும் படித்தாள். "முப்பது வருஷமா மத்தவங்கதான் உங்களுக்குக் கோல் போட்டாங்க. இது சேம்சைடு கோல்ங்க. அழைப்பு கொடுத்து, பந்தல் போட்டு, ஆள் கூட்டி வெச்சு, விரல் நீட்டிக் காட்டி நீங்களே போட்டது."

அவர் மகளின் பெட்டிக்கு மேலே உட்கார்ந்து பூட்ட உதவினார். பூட்டிய பிறகும் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, எழுந்திரிங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இரும்மா. பூட்டு சரியா விழுந்துதான்னு பாக்கறேன்."

இப்போது அவர் மாதம் ஒருமுறை போய்வருகிறார். மகள் சொன்னது சரிதான், அங்கே பாதி இருக்கைகள் காலி. நடுவரிசையில் நல்ல இடமாகப் பார்த்து உட்காருகிறார்.

போன வாரம் லீக்கிலிருந்து ஒரு படிவம் வந்தது. நிர்வாகம் மறுபடியும் யோசிக்கிறதாம். புதிய அணிகள் வந்தால் ஆட்டக்காரிகளைக் குலுக்கிப் பிரித்துக் கொடுப்பார்கள். யார் எந்த ஊருக்குப் போவார்கள் என்று சொல்ல முடியாது. 'லீக் விரிவடைய வேண்டுமா? காரணம் தருக' என்று கேட்டு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள்.

கண்ணாடிக்காரர் சற்றும் யோசிக்காமல் 'கூடவே கூடாது' என்று எழுதினார். காரணத்துக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது: 'இப்போதே ஒன்பது மணி நேரம் ஆகிறது. அதற்குமேல் என்னால் பேருந்தில் உட்கார முடியாது.'

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"போக ஒன்பதுங்க. அவளை விட்டுட்டுத் திரும்பி வரப் பத்து ஆகுது உங்களுக்கு. அதையும் சேத்து எழுதுங்க."