வெயிலைத் திருப்பி வைத்தவர்

நல்லம்பள்ளியில் ஜெயபால் அண்ணனைக் “கம்ப்யூட்டர்ல வூடு கட்டுறவரு” என்றுதான் சொல்வார்கள். அது பாதி உண்மை. அவர் வீடு கட்டவில்லை, வீட்டுக்குள் சாமான் அடுக்கினார். பெங்களூரில் மேசை, கட்டில், அலமாரி விற்கும் கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் வேண்டும். நிஜமான அறையில் சாமான் வைத்துப் போட்டோ எடுக்காமல், அறையையே கணினிக்குள் செய்து கொடுப்பது அவர் தொழில். ஒரு மேசை, அதன்மேல் தண்ணீர்த் தம்ளர், பாதி உரித்த ஆரஞ்சு, மடித்துப் போட்ட துண்டு, ஜன்னல் வழியே வெயில். எதுவும் நிஜமில்லை. பார்த்தால் ஆரஞ்சுச் சுளையை எடுக்கக் கை நீளும்.

எதிரே உரக்கடை வைத்திருக்கும் வெங்கடாசலம் மாமா அவரை விடமாட்டார். “ஏம்பா ஜெயபாலு, ஆயிரம் வூடு கட்டிட்ட. உன் வூட்டுச் செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க நேரமில்லயா?”

“அங்க மழ பெய்யாதுங்க மாமா. அதான் நல்லா இருக்குது.”

அண்ணன் என் பெரியப்பா மகன். நான் ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றியபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: எங்கே தங்கினாலும் ஜன்னலோரம் ஒரு தம்ளரை வைத்து, காலையிலும் மாலையிலும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மலைமேல் இருந்த விடுதி, கடலோரத்து மரவீடு, பனி பெய்த ஊர் ஒன்றின் சமையலறை என்று நாற்பது ஐம்பது ஜன்னல்கள் அனுப்பியிருப்பேன். “வெயிலு எல்லா ஊர்லயும் ஒரே வெயிலுதான். நெழலுதான் வேற வேற” என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

அவர் வேலையில் அவருக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. புதுச் சாமான் வைக்க மாட்டார். புதுசாக இருந்தால் பொம்மை மாதிரி தெரியும் என்பார். கரண்டியில் கீறல் வேண்டும், தம்ளர் விளிம்பில் நசுங்கல் வேண்டும். அதற்காக வீட்டில் புழங்கும் பொருளையெல்லாம் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, அளந்து, கணினிக்குள் அப்படியே செய்து வைத்திருந்தார். சமையலறைச் சாமான் தீர்ந்ததும் மகளின் சாமான்களுக்கு வந்தார். அமுதவல்லிக்கு அப்போது ஏழு வயது. நீலத் தண்ணீர் பாட்டில், மூடி கோணிய பென்சில் டப்பா, முனையைக் கடித்துக் கடித்து மரம் தெரிந்த பென்சில். “திருப்பிக் குடுப்பியா அப்பா?” என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள் என்று அண்ணன் சொன்னார்.

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறே நாள்.

எங்கள் குடும்பத்தில் சிறு பிள்ளை போய்விட்டால் படம் மாட்டுவதில்லை. அது புழங்கிய பொருள் எதையும் வீட்டில் வைப்பதில்லை. வைத்தால் பிள்ளை போகாமல் வாசலிலேயே நிற்கும் என்பார்கள். பதினோராம் நாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒகேனக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். மற்றதெல்லாம் ஆற்றோடு போக, தண்ணீர் பாட்டில் மட்டும் முழுகவில்லை. பரிசலின் கூடவே மிதந்து வந்திருக்கிறது. பரிசல்காரர் துடுப்பால் இரண்டு முறை தள்ளிவிட்டும் சுழன்று திரும்பியது. கடைசியில் சுமலதா அண்ணிதான் குனிந்து அதை எடுத்து, மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, கையை ஆழ விட்டு அமிழ்த்தினார். அண்ணனால் முடியவில்லை. இதை எனக்குச் சொன்னது அண்ணன்தான். அண்ணி அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

அண்ணனின் கணினிக்குள் இருந்தவற்றைப் பற்றி அன்று யாரும் நினைக்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் நினைவு இருந்தது. சொல்லவில்லை.

நான் ஊர் திரும்பியது வைகாசியில். இரண்டு வாரம் தங்கலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வேலை செய்யும் அறைக்குள் அண்ணி கால் வைப்பதேயில்லை என்பதை முதல் நாளே கவனித்தேன். அமுதா எழுதும் மேசை இருந்த அறை அது. மேசையையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. அண்ணி காபியை அந்த அறையின் வாசற்படியில் வைத்துவிட்டு “வெச்சிருக்கேன்” என்று சொல்லிப் போய்விடுவார்.

அந்த வாரம்தான் பிள்ளைகள் படிக்கும் மேசைக்குப் படம் கேட்டு ஒரு கம்பெனியிலிருந்து வேலை வந்தது. மேசைமேல் புத்தகம், பென்சில், தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும். பிள்ளை இப்போதுதான் எழுந்துபோனது போல இருக்க வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

அண்ணன் இரண்டு நாள் அந்த வேலையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார். திரையில் படம் முதலில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வந்தது. பிறகு மெல்லத் தெளிந்தது. நீல பாட்டில். மூடி கோணிய டப்பா. கடித்த பென்சில்.

“அண்ணிகிட்ட சொல்லாத” என்றார். “கம்பெனிக்கு இத அனுப்பப் போறதில்ல. அவங்களுக்கு வேற செய்வேன். ஒருக்கா வெச்சிப் பாத்தேன். அவ்ளோதான்.”

அவர் பயம் எனக்குப் புரிந்தது. தன் கையாலேயே அமிழ்த்திய ஒருத்தியிடம், நான் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏழு மாதமாக அந்த வீட்டில் பேச்சு உப்பு, புளி அளவில்தான் நடந்துகொண்டிருந்தது. இது தெரிந்தால் அதுவும் இருக்காது.

மூன்று நாள் அவர் திரையில் இருந்த அந்த மேசையோடே கிடந்தார். பாட்டிலை அரை விரற்கடை நகர்த்துவார். வெயிலைக் கொஞ்சம் தாழ்த்துவார். பென்சிலின் நிழல் நோட்டின் கோட்டைத் தொடும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கம்பெனி வேலை அப்படியே கிடந்தது. நான்காம் நாள் மதியம் கரண்ட் போனது. திரை மட்டும் பேட்டரியில் ஓடியது. மின்விசிறி நின்ற வீட்டில் காற்றுக்காக எல்லாக் கதவையும் திறந்துகொண்டே வந்த அண்ணி, அந்த அறைக் கதவையும் திறந்துவிட்டார்.

அண்ணன் எழுந்து திரையை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

அண்ணி திரையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு “அத நான்தான முக்குனேன்” என்றார்.

“அது முன்னாடியே எடுத்ததும்மா. அது... இருந்தப்ப.”

“எல்லாத்தையும் உட்டுடணும்னு சொன்னாங்க. உட்டேன். துணியில ஒரு நூலு வெச்சிக்கல. நீங்க வெச்சிக்கிட்டீங்க.”

நான் எழுந்து வெளியே போக நகர்ந்தேன். “நீ இரும்மா” என்றார் அண்ணி. அண்ணனோடு தனியாக அந்த அறையில் நிற்க அண்ணிக்கும் பயமாக இருந்தது போல.

அண்ணி திரைக்கு அருகே வந்தார். உள்ளே வந்தே விட்டார். “பென்சிலு அந்தப் பக்கம் இருக்காது.”

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தார்.

“அது பீச்சாங்கையிலதான எழுதும். பென்சில இந்தப் பக்கந்தான் வெக்கும்.”

“சோத்தாங்கைக்கு மாத்திட்டனே” என்றார் அண்ணன். “நாலஞ்சு மாசமா சோத்தாங்கையிலதான எழுதிட்டிருந்துச்சி.”

“உங்க முன்னாடி. நீங்க அந்தாண்ட போனா, நோட்டத் தூக்கிக்கிட்டு அடுப்பாண்ட வந்து உக்காந்துக்கும். பீச்சாங்கையில குடுகுடுன்னு எழுதி முடிச்சிடும்.”

“எங்கிட்ட நீ சொல்லவேயில்ல.”

“அப்பாகிட்ட சொல்லாதம்மான்னு கேட்டுக்கிச்சி.”

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று இல்லாமல், சொன்னார். மேசை இந்த ஜன்னலோரம் கிடந்தது. வெயில் இடப்பக்கமிருந்து வரும். படிக்கிற மேசைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்துதான் வர வேண்டும், அப்போதுதான் எழுதுகிற கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. அவர் செய்த எல்லாப் படத்திலும் அப்படித்தான் வைத்திருக்கிறார். ஒருநாள் அமுதா வந்து சொன்னாள்: “அப்பா, என் கை நெழலு எழுத்து மேலயே வுளுது.” அவர் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்: “அப்ப கைய மாத்து.”

“நெழலப் பாத்துப் பாத்துச் சோறு திங்கறவன்” என்றார் அண்ணன். “கைய மாத்துன்னு சொன்னேன்.”

“மேசைய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கலாம்” என்றார் அண்ணி. குற்றம் சொல்வது போல இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அண்ணன் உட்கார்ந்தார். திரையில் பென்சிலை எடுத்து நோட்டின் இடப்பக்கம் வைத்தார். ஜன்னலை அந்தச் சுவரிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரில் வைத்தார். வெயில் வலப்பக்கமிருந்து வந்தது. புள்ளிகள் அடங்கித் தெளிந்தபோது நோட்டின்மேல் எந்த நிழலும் இல்லை.

“அவ்ளோதானா?” என்றார் அண்ணி.

“அவ்ளோதான்.”

அண்ணி அப்போதுதான் அழுதார். ஒகேனக்கல்லில்கூட அவர் அழவில்லை என்று உறவினர் குறை பேசியிருந்தார்கள். சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். அண்ணன் எழுந்து போகவில்லை. எழுந்தால் அண்ணியும் அறையை விட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது.

கரண்ட் வந்து மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அண்ணன் கேட்டார்: “அழிச்சிடட்டுமா?”

அண்ணி முகத்தைத் துடைத்தார். அந்தப் பாட்டிலைப் பார்க்காமல் இருக்க முயன்றது தெரிந்தது.

“எம் முன்னாடி எதையும் அழிக்காதீங்க. இன்னொரு தரம் என்னால ஆவாது.” பிறகு சொன்னார்: “இத்தன நாளு எனக்குத் தெரியாம வெச்சிருந்தீங்க இல்ல? தெரியாமயே வெச்சிக்கோங்க. எங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் தெனமும் வந்து நிப்பேன். அப்புறம் புள்ள போவாது.”

அண்ணன் அதை மூடினார். அதற்குப் பிறகு எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. கடையில் கிடைக்கும் மாதிரி அண்ணன் புதிதாக ஒரு சிவப்பு பாட்டில் செய்தார். கடிக்காத பென்சில், கோணாத டப்பா. முதல்முறையாகக் கீறல் இல்லாத சாமான்களை வைத்தார். பொம்மை மாதிரிதான் இருந்தது. அவர்களுக்கு அது பிடித்திருந்தது. ஒரே ஒரு திருத்தம் சொன்னார்கள்: ஜன்னல் வலப்பக்கம் இருக்கிறது, அதை இடப்பக்கம் மாற்றுங்கள்.

அண்ணன் அதைப் படித்தபோது காபியோடு அண்ணி வாசலில் நின்றிருந்தார். படியில் வைக்கவில்லை. உள்ளே வந்து தம்ளரை அண்ணன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, தரையில் அந்த நான்கு தடங்களுக்கு நடுவே உட்கார்ந்தார்.

“மாத்தச் சொல்றாங்களா?”

“ம்.”

“மாத்திக் குடுத்துடுங்க. கேக்கறது அவங்கதான.”

அண்ணன் ஜன்னலை எடுத்து இடப்பக்கச் சுவரில் வைத்தார். படம் தெளியும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதை அனுப்பிவிட்டார்.