கழுவாத இலை

பூவரச மரத்தின் தாழ்ந்த கிளையை இழுத்து, இலையின் மேற்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவி, அந்த விரலைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஜோதிலட்சுமி மிஸ் இலையைக் கிள்ளுவார். மரம் என் ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் நிற்கிறது. "அண்ணா, ஒங்க மரத்த மொட்ட அடிக்கறேன்னு திட்டாதீங்க" என்பார். தினமும் இதே வார்த்தை. மரம் என்னுடையது இல்லை என்று நானும் தினமும் சொல்வேன்.

ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து நடந்தே பள்ளிக்கு வருபவர் அவர். வழியில் கிடைப்பதெல்லாம் துணிப்பைக்குள் போகும். புளியங்கொட்டை, கொக்கு இறகு, உடைந்த வளையல், லாரியிலிருந்து விழுந்த வாஷர். என் கடைக்கு எதிரே இருக்கும் மழலையர் பள்ளியில் பதினோரு வருடமாக யுகேஜி ஆசிரியை. மற்ற மிஸ்கள் கட்டுக்கட்டாக என்னிடம் ஒர்க்‌ஷீட் எடுத்துப் போவார்கள். இந்த அம்மாவால் எனக்கு ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் கிடையாது. கணக்கு புளியங்கொட்டையில், எழுத்து மணலில். கொக்கு இறகை உயர்த்திப் பிடித்து ஒரு கதையைத் தொடங்குவார், பாதியில் நிறுத்துவார். பிள்ளைகள்தான் முடித்துவைக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் நான் எத்தனையோ தாளைத் தப்பாக எடுத்திருக்கிறேன்.

பக்கத்து வகுப்பில் வேறு சத்தம். "ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!" உடனே அத்தனை பிள்ளைகளும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிடும். ஜோதிலட்சுமி மிஸ்ஸுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "வாய்ல வெரல வச்சிகினா கத எங்கேர்ந்துண்ணா வரும்? காதுலேர்ந்தா?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார், ஏதோ நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டவன் போல. அவர் வகுப்பில் யாரும் உதட்டில் விரல் வைத்து நான் பார்த்ததில்லை.

இன்னும் சில கிறுக்குகள் உண்டு. ஆணோ பெண்ணோ, எல்லாப் பிள்ளையும் அவருக்கு நைனாதான். தப்பான விடை சொன்ன பிள்ளைக்குத்தான் முதலில் கை தட்டுவார். கலர் அடிக்கும்போது இதற்கு இந்த நிறம் என்று சொல்லவே மாட்டார். "போயி பார்த்துகினு வா நைனா" என்று வாசலுக்கு அனுப்புவார். பிள்ளை வந்து பூவரச மரத்தை அண்ணாந்து பார்க்கும். திரும்பிப் போய்க் கறுப்புக் கிரேயானை எடுக்கும்.

ஆமாம், கறுப்புதான். பள்ளிக்குப் பின்னால் ஓர் இரும்பு உருக்கும் ஆலை இருக்கிறது. பெயர் வேண்டாம், நானும் இங்கேதான் பிழைத்தாக வேண்டும். காலையில் கடையைத் திறந்ததும் மெஷின் கண்ணாடியைத் துடைப்பேன். மத்தியானம் மறுபடி துடைப்பேன். துடைத்த துணியை நான் யாரிடமும் காட்டியதில்லை. இந்த அம்மா காட்டிவிட்டார், அதுவும் தெரியாமல்.

போன ஆடி மாதம். தாளில் லேசாகத் தண்ணீர் தொட்டு, கழுவாத இலையை வைத்து அழுத்தி எடுத்தால், சாயமே இல்லாமல் இலை நரம்பு நரம்பாகப் பதிகிறது என்று கண்டுபிடித்தார். "பாருங்கண்ணா, பெயின்ட்டே வேணாம்!" என்று தெருவைக் குறுக்கே கடந்து ஓடிவந்தார், நாற்பது வயதுக்கு மேல் ஆன பொம்பளை. மறுநாள் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பக்கத்திலிருந்து ஓர் இலை கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு இலை அச்சு. அடர்த்தி, வெளிர் என்று ஒரு பாடம் இருக்கிறதாம். அதற்காக மிகவும் கறுத்ததை முதலில் வைத்து, போகப் போக வெளுக்கும்படி வராந்தாவில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றின் கீழும் பிள்ளையின் பெயரும் தெருவும். எல்லாவற்றுக்கும் கடைசியில், அவரே ஆரம்பாக்கத்திலிருந்து கொண்டுவந்த ஓர் இலை. அது பதிந்ததே தெரியவில்லை. முதலில் தொங்கியவை எல்லாம் ஆலைச் சுவரை ஒட்டிய லைன் வீடுகள். தூரத்துத் தெருக்கள் கடைசியில். அந்த அம்மாவுக்கு அதில் நிறம் மட்டும்தான் தெரிந்தது. யாரோ ஒரு தகப்பன் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, ஆலைக் கரி எந்தத் தெருவில் எவ்வளவு படிகிறது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

முதல் இலை ஜெபா என்ற பெண்குழந்தையுடையது. அவள் அப்பா பாக்கியநாதனுக்கு அதே ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. மூன்றாம் நாள் காலை, ஆலை கேட்டில் அவருடைய பாஸைப் பிடுங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் நேராக இங்கே வந்தார். மிஸ் மரத்தடியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா மிஸ் பண்ணி வச்சிகினு கீற? எம் பொண்ணு பேரு, ஊடு எல்லாத்தையும் போட்டு மாட்டினா, நாந்தான் கம்ப்ளெயின்ட் பண்ணேன்னு சொல்றானுங்க."

"அது கலர் பாடம்ங்க. டார்க்கு, லைட்டு..."

"எல கறுப்பா கீறது எங்களுக்குத் தெரியாதா மிஸ்? அத்தான துன்னுகினு கீறோம். தெரிஞ்சிதான சும்மா கீறோம்?"

மிஸ், கிள்ளிய இலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கடைப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போனார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் தணிகைவேல் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பெரிய எரிச்சல். பள்ளியின் பெஞ்ச், மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த ஆலை கொடுத்தவை. சனிக்கிழமை 'இயற்கையோடு கற்போம்' என்று கண்காட்சி, ஆலை மேனேஜர்தான் சிறப்பு விருந்தினர். "அந்த எலைங்கள எடுத்துட்டு, பச்சையா எதுனா மாட்டுங்க மிஸ். அவரு பார்த்துட்டு போவட்டும். பாக்கியநாதன் பாஸ அன்னிக்கே கேட்டு வாங்கித் தர்றேன். இல்லன்னா அந்தாளு பொழப்பும் போச்சி, ஒங்களுக்கும் பேஜாரு." இதை மிஸ்ஸே என்னிடம் சொன்னார், டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை, பதினோரு வருடத்தில் முதல்முறையாக என் மெஷினுக்கு வந்தார். ஒரு தாள். அதில் வெறும் கோட்டில் ஓர் இலை, கீழே 'பச்சை நிறம் தீட்டுக' என்று ஒரு வரி.

"முப்பத்திரெண்டு காப்பி போடுங்கண்ணா."

கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தாளை வைத்தேன். துணியை அவர் பார்த்தார். நான் அதை மடித்து மேசைக்குக் கீழே போட்டேன். முப்பத்திரண்டும் வெளியே வந்து விழுந்ததும் அடுக்கிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன், கேட்காமல் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை, பேனர் கட்ட நானும் பள்ளிக்குப் போயிருந்தேன். கயிற்றில் முப்பத்திரண்டு பச்சை இலைகள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாமல். மேனேஜர் ஒவ்வொன்றாகப் பார்த்து "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கரஸ்பாண்டன்ட் கூடவே வந்தார். கேட்டுக்கு வெளியே பாக்கியநாதன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

மேனேஜரும் கரஸ்பாண்டன்ட்டும் நாலடி தூரத்தில் இருக்கும்போது ஜெபா தன் தாளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மிஸ்ஸின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், இது எந்த ஊரு எல?"

குரல் நன்றாகவே கேட்டது. மேனேஜர் சிரித்தபடி திரும்பினார். வேறு நாளாக இருந்தால் மிஸ் "போயி பார்த்துகினு வா நைனா" என்று வாசலைக் காட்டியிருப்பார். வாசலில்தான் பூவரச மரம் நிற்கிறது. மிஸ் வாசலைப் பார்த்தார். அங்கே நின்ற பாக்கியநாதனைப் பார்த்தார். பிறகு ஜெபாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் உதட்டின்மேல் வைத்தார்.

ஜெபா அவர் முகத்தையே பார்த்தாள். பச்சைக் கிரேயான் ஒட்டியிருந்த தன் விரலையும் தூக்கி, உதட்டில் வைத்துக்கொண்டாள்.